ஒரு பட்டன் கழித்துப் போட்ட முகம்

"இந்தப் பக்கத்துல நான் எங்கிட்டு இருக்கேன்?"

தங்கராசு அண்ணன் இப்படிக் கேட்டபோது காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் ஸ்டுடியோ சோபாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவர் மகளின் கல்யாண ஆல்பம். அன்றைக்குத்தான் அச்சாகி வந்திருந்தது. புது ஆல்பத்துக்கு ஒரு வாசனை உண்டு, புதுச் செருப்பு டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. அறை முழுக்க அந்த வாசனைதான்.

பக்கத்தில் மகள் ரேவதி. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

அண்ணனுக்குப் பார்வை கிடையாது. அதனால் ரேவதி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வாயாலேயே காட்டிக்கொண்டு வந்தாள். "இது பொண்ணழைப்புப்பா. பெரியத்தை எப்படிச் சிரிக்கிது தெரியுமா, பல்லு அத்தனையும் வெளிய."

"அவ பந்தியில உக்காந்தாலும் அப்படித்தான்" என்று அண்ணன் குலுங்கிச் சிரித்தார்.

"இது சித்தப்பா. வேட்டி அவுந்துருமோன்னு ஒரு கையால பிடிச்சுக்கிட்டே ஆசீர்வாதம் பண்றாரு."

அண்ணன் இன்னும் சிரித்தார். நான் மேசையில் உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பதுபோல இருந்தாலும் காது அங்கேதான் இருந்தது. ஆல்பம் வாங்க வருகிறவர்கள் சிரிக்கிற சத்தம் எனக்குக் காப்பி மாதிரி. அது இல்லாவிட்டால் தலை வலிக்கும்.

அடுத்தது தாரை வார்த்துக் கொடுக்கும் பக்கம். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் தகப்பன் வைக்க, தாய் கெண்டியிலிருந்து நீர் வார்க்கும் நேரம். கல்யாணத்தில் ஒரு தகப்பனுக்கு ஓடியாடிச் செய்ய ஆயிரம் வேலை இருக்கலாம். ஆனால் அவர்தான் செய்யவேண்டும் என்று இருப்பது இந்த ஒரு வேலைதான்.

ரேவதியின் பேச்சு அந்தப் பக்கத்தில் நின்றுபோனது. அப்போதுதான் அண்ணன் அப்படிக் கேட்டார்.

"நடுவுலதான் இருக்கீங்கப்பா" என்றாள் அவள். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, படத்தில் ஓர் இடத்தில் வைத்தாள்.

நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஒரே பெரிய படம். செப்புக் கெண்டி, விழுகிற நீர், மூன்று பேரின் கைகள். சுற்றிலும் சின்னச் சின்னதாக மாப்பிள்ளை, பொண்ணு, மாப்பிள்ளையைப் பெற்றவர்கள். அண்ணனின் விரல் படத்தில் இருந்த அவருடைய கையின் மேலேயே இருந்தது. அவருடைய முகம் மட்டும் அந்த இரண்டு பக்கத்தில் எங்குமே இல்லை.

முறம்

போன வாரம் என் பட்டன் பெருமையை இந்தத் தொடரில் கொஞ்சம் அளந்திருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "எல்லாவற்றையும் மெஷினே செய்தால் தவறே வராதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். வந்தது, அம்மா. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

போன வாரம் படிக்காதவர்களுக்காக: எங்கள் ஸ்டுடியோவில் படம் பிடிப்பது என் வீட்டுக்காரர் சேகர். உட்கார்ந்து திருத்துவது நான். அவருக்குப் பொறுமை அதிகம், விரலுக்கு ஓய்வு கிடையாது. ஒரு மாலை மாற்றுவதற்கு அறுபது படம் எடுப்பார். ஒரு கல்யாணம் முடிந்தால் மூவாயிரம் படம் என் தலையில் வந்து விழும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும்.

எனக்கோ பொறுமை என்பது ரேஷன் கடையில்கூடக் கிடைக்காத சரக்கு. அதனால் குறுக்கு வழிகளைத் தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன்.

வெளிச்சம் கூட்டுவது, முகத்தை மெழுகுவது, கோணலை நிமிர்த்துவது என்று ஒரு படத்துக்குச் செய்கிற வேலையை ஒரு தரம் பதிவு செய்து வைத்துவிடலாம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்ட மாதிரி, மிச்சப் படங்களுக்கு மெஷின் தானாகச் செய்துவிடும். இப்போது வந்திருப்பது அதற்கும் மேலே. நல்ல படம் எது, ஆகாத படம் எது என்று பொறுக்கிப் பிரிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆடிய படம், மங்கிய படம், கண் மூடிய படம் எல்லாவற்றையும் தனியாக எடுத்து "கழித்தவை" என்ற ஃபோல்டரில் தள்ளிவிடும்.

இத்தனையையும் கோத்து ஒரே பட்டனில் வைத்திருந்தேன். அதற்கு முறம் என்று பெயர். முறத்தை அமுக்கிவிட்டு அடுப்பில் குக்கரை வைக்கப் போவேன். சோறு வெந்து, குழம்பு கொதித்து, நான் கை துடைத்துக்கொண்டு வரும்போது மூவாயிரமும் புடைத்து முடிந்திருக்கும்.

ஆல்பம் அச்சுக்குப் போனதும் "கழித்தவை" ஃபோல்டர் தானாக அழிந்துபோகும்படியும் நானே அமைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் இடம் வேண்டுமே. கீரனூரிலிருந்தும் இலுப்பூரிலிருந்தும் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் போன் போட்டு, "எப்படிக்கா இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்பார்கள். நான் பாதி சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுவேன்.

கண் மூடிய படத்தின் மேல் எனக்கு ஏன் அத்தனை கோபம் என்று கேட்பீர்கள். ஆரம்ப காலத்தில் ஒருவர் ஆல்பத்தை இந்த மேசையில் ஓங்கிப் போட்டார். "உசுரோட இருக்க எங்க ஆத்தாவ இப்படிக் கண்ண மூடிப் போட்டு வச்சிருக்கீங்களே, நல்லாருக்கா?" என்று கத்தினார். அந்த அம்மாள் வெறுமனே கண் சிமிட்டியிருந்தார். சிமிட்டிய நேரத்தில் சேகர் அமுக்கியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் கல்யாண ஆல்பத்தில் கண் மூடிய முகம் ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உள்ள எண்ணம். அன்றிலிருந்து முறத்துக்கு நான் சொல்லிவைத்த முதல் விதியே அதுதான்.

கன்னத்தில் இருந்த பொட்டு

அதற்கு முன்பே முறம் ஒரு தரம் என் மானத்தை வாங்கியிருக்கிறது.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு காதுகுத்து. குழந்தை கொழுகொழு என்று இருந்தான். முறத்துக்கு முகத்தில் கறுப்பாக எதைக் கண்டாலும் ஆகாது. பருவா, மருவா, மச்சமா என்றெல்லாம் விசாரிக்காது, துடைத்துவிடும். அந்தப் பிள்ளையின் கன்னத்தில் அவன் அம்மா பார்த்துப் பார்த்து வைத்த திருஷ்டிப் பொட்டை, ஒரு படம் விடாமல் துடைத்துவிட்டது.

படங்கள் போன அடுத்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். "எம் புள்ள பொட்டு எங்கக்கா? அத்தனை போட்டோவுலயும் மொட்டக் கன்னமா இருக்கு. ஊரே பாத்துருக்கு."

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

அன்று மத்தியானம் முழுக்க அவளை உட்காரவைத்து, அவள் காட்டிய இடத்தில் ஒவ்வொரு படத்திலும் என் கையாலேயே பொட்டு வைத்தேன். "இன்னும் கொஞ்சம் பெருசா வைங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை என் மவுஸ் வயரைக் கடித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் அப்போதே இறங்கியிருந்தது.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். குழந்தைப் படங்களுக்கென்று இன்னொரு பட்டன் செய்துகொண்டேன். என் புத்தி அப்படித்தான் போகும்.

மணவறையில் கறுப்பு

தங்கராசு அண்ணன் இளவயதில் கிணற்றுக்கு வேட்டு வைக்கிற வேலை பார்த்தவர். எங்கள் மண்ணில் நாலு முழம் தோண்டினால் பாறை. வேட்டு வைக்காமல் கிணறு கிடையாது. வெடிக்காமல் போன வேட்டு ஒன்றை என்ன ஆயிற்று என்று பார்க்க இறங்கியிருக்கிறார். அது அப்போது வெடித்தது. ரேவதிக்கு அப்போது ஒரு வயது.

அன்றிலிருந்து இமைகள் ஒட்டினாற்போல மூடியே இருக்கும். எங்கே போனாலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். இலுப்பூர் சாலையில் அவர் ஊர் பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையிலிருந்துதான் மகளை நர்ஸிங் படிக்க வைத்தார்.

கல்யாணத்தன்று காலை மணவறைக்கு ஏறும்போது, பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் காதோரம் சொல்லியிருக்கிறார். "மணவறையில கறுப்பு எதுக்கு தங்கராசு?" அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். அந்த அக்கா அதை மடியில் செருகிக்கொண்டார். மத்தியானப் பந்தி வரை அது அங்கேயேதான் இருந்தது. இதெல்லாம் பின்னால் சேகர் சொல்லி எனக்குத் தெரிந்தது.

முறத்துக்கு என்ன தெரியும்? சாயங்கால வரவேற்பில் கறுப்புக் கண்ணாடியோடு நின்ற தங்கராசு அண்ணனை அது வைத்துக்கொண்டது. காலையில் கண்ணாடி இல்லாமல் நின்ற தங்கராசு அண்ணனை, கண் மூடியவர் என்று ஒரு படம் மிச்சமில்லாமல் கழித்துவிட்டது. தாரை வார்க்கும்போது அவரை எடுத்ததில் தப்பியவை, சேகர் கைகளை மட்டும் கிட்டத்தில் போய் எடுத்த இரண்டே படங்கள்.

வழக்கமாக வீட்டார்தான் வந்து உட்கார்ந்து படம் தேர்ந்தெடுப்பார்கள். யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மூன்று வாரத்தில் சிங்கப்பூர் திரும்ப வேண்டும். அதற்குள் ஆல்பம் வேண்டும். "நீங்களே பாத்துப் போட்டுருங்கக்கா, ஒங்களுக்குத் தெரியாததா" என்று ரேவதி போனில் சொல்லிவிட்டாள். பக்கங்களை அடுக்குவதற்கும் என்னிடம் ஒரு பட்டன் இருந்தது. அதையும் அமுக்கினேன்.

வரவேற்புப் படங்களில் அண்ணனைப் பார்த்த ஞாபகம் இருந்தது. ஆள் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. நான் பார்க்கவில்லை.

"அப்பா எங்கக்கா?"

ஆல்பம் வாங்க வந்த அன்று, அண்ணன் சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ரேவதி ஆல்பத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். ஏதோ பை கேட்க வந்தவள்போல முதுகை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு குனிந்தாள்.

"அப்பா எங்கக்கா?" என்றாள். சத்தமே இல்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. "காலையில எடுத்ததுல எங்கயுமே இல்ல. பூராம் பொரட்டிட்டேன். அப்பா இல்லாமயே எனக்குக் கல்யாணம் நடந்த மாதிரி இருக்குக்கா."

"கழித்தவை" அழிந்து பத்து நாளாயிற்று என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "மாத்தித் தாரேன். ஒண்ணும் இல்ல. நீ பயப்படாத."

அண்ணனிடம், அட்டையில் ஒரு மூலை மடங்கியிருக்கிறது, மாற்றித் தருகிறோம் என்று சொன்னேன். "சரித்தா, நிதானமாப் பாருங்க" என்றார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சேகர் மத்தியானம் வந்தார். சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த மனுசன் மொகத்தத்தான சாந்தி நான் அன்னைக்கிப் பூராம் எடுத்தேன்" என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணம் முடிந்து வந்து சாப்பிடும்போது சொன்னார், "ஒரு படம் நல்லா விழுந்திருக்கு. தங்கராசண்ணன் படம். எடுத்துப் பாரு" என்று. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது வருஷத்துக்கு ஒரு தரம். "பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினேன். பிறகு போய் முறத்தை அமுக்கினேன்.

பாத்திரம் கழுவுகிற சாக்கில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். சேகர் வந்து குழாயை நிறுத்திவிட்டு, "கார்டு ரெண்டையும் எடு, பாப்போம்" என்றார்.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கேமராவின் மெமரி கார்டை அழித்துவிடுவோம். ஆனால் அழித்த படங்கள் கார்டில் உடனே செத்துப்போவதில்லை. அதன் மேல் வேறு படம் ஏறினால்தான் போகும். ஒரு கார்டில், மீமிசலில் எடுத்த ஒரு வளைகாப்பு ஏறியிருந்தது. ஒவ்வொரு தட்டாக, ஒவ்வொரு வளையலாக, என் வீட்டுக்காரர் வழக்கம்போல வஞ்சனை இல்லாமல் எடுத்திருந்தார். அந்தக் கார்டு போயிற்று.

இன்னொரு கார்டில் பாதிதான் ஏறியிருந்தது. அழிந்ததை மீட்கிற புரோகிராம் ஒன்றைப் போட்டு ஓடவிட்டோம். படங்கள் வந்தன, அரையும் குறையுமாக. நெற்றி இருக்கும், அதற்குக் கீழே சாம்பல் நிறம். மாலை இருக்கும், ஆள் இருக்காது. ஒவ்வொன்றையும் திறக்கும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். வருஷக்கணக்கில் ஒவ்வொரு படமாக நான் பார்த்ததே இல்லை. இரண்டு நாள் பகலெல்லாம் அப்படித்தான் பார்த்தேன்.

முழுசாகக் கிடைத்தவை எட்டு. ஏழாவதைத் திறந்ததும் சேகர், "இதான்" என்றார்.

அண்ணன் இரண்டு கைகளாலும் மகளின் கையை ஏந்தியிருந்தார். எல்லாரும் நீர் விழுவதைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் முகத்தைச் சாய்த்து மகளின் பக்கம் திருப்பியிருந்தார். புருவம் லேசாக உயர்ந்திருந்தது. மூடிய இமை மேல் மண்டபத்து ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. சேகரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கண் வைத்த கதை

படத்தை ரேவதிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. அழுகையும் சிரிப்புமாக என்ன பேசினாள் என்றே புரியவில்லை. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

மறுநாள் திரும்பக் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் சின்ன மாமியார் படத்தைப் பார்த்திருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாராம். "கண்ணு மூடுன படத்த இம்புட்டுப் பெருசாப் போட்டா நல்லாவா இருக்கும்? இப்பத்தான் கண்ணத் தொறந்து வச்சுத் தாராங்களே. அப்பாவுக்கும் அழகாத்தான இருக்கும்?"

"அப்படி முடியுமாக்கா?" என்றாள் ரேவதி.

"முடியாதா? ஒரே பட்டன்" என்றேன். நாலு நாளைக்கு முன் பட்ட அடி மறந்துவிட்டது. என் வாய் அப்படி.

வேறொரு படத்தில் கண் திறந்து இருந்தால், அதை எடுத்து இந்தப் படத்தில் பொருத்திவிடும் வசதி அது. அண்ணன் கண் திறந்திருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது, அவருடைய சொந்தக் கல்யாணப் படம். சட்டத்துக்குள் இருந்ததைப் போனில் எடுத்து ரேவதி அனுப்பினாள். மீசை அரும்பிய தங்கராசு அண்ணன். பெரிய கண்கள். ரேவதியின் கண்கள் யாருடையவை என்று அப்போதுதான் தெரிந்தது.

பட்டனை அமுக்கினேன். மேசையில் இருந்த டீ ஆறுவதற்குள் அண்ணனுக்குக் கண் வந்துவிட்டது. வயதுக்குத் தக்கபடி ஓரத்தில் இரண்டு சுருக்கமும் போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. அனுப்பிவைத்தேன்.

நீல டிக் விழுந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகுதான் ஒரு குரல் பதிவு வந்தது.

"அக்கா, நல்லாத்தான் வந்திருக்கு. எனக்குச் சொல்லத் தெரியல. அப்பாவக் கண்ணோட நான் பாத்த ஞாபகமே இல்லக்கா. இவரு யாரோ மாதிரி இருக்காரு. யாரோ வந்து எங் கையப் பிடிச்சுக் குடுக்குற மாதிரி இருக்கு. ஆனா இங்கன ஒரு பேச்சு வந்துறக் கூடாதுல்ல. அதுவும் அப்பாவ வச்சு வரக் கூடாது. நீங்க அப்பாகிட்டயே கேட்டுருங்கக்கா. அவரு சொல்றதப் போடுவோம். எனக்குக் கேக்க வாய் வரல."

அவளுக்கு வாய் வரவில்லை என்றால் எனக்கு மட்டும் வருமா? அண்ணனிடம் இதைக் கேட்க வேண்டுமென்றால், முதல் ஆல்பத்தில் அவர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். "நான் வேணா போகவா?" என்றார் சேகர். கழித்தது நான், நானே போகிறேன் என்று ஸ்கூட்டியை எடுத்தேன்.

பெட்டிக்கடையில்

மினி பஸ் போய் ஓய்ந்த நேரம். கடைக்கு முன்னால் யாரும் இல்லை. அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டுகளைத் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"நான்தாண்ணே, ஸ்டுடியோ சாந்தி."

"வாத்தா. இந்த வெயில்லயா வந்த? கலர் குடி மொதல்ல." கை நேராகப் போய் ஒரு பாட்டிலை எடுத்தது. திறந்து என் பக்கம் நீட்டினார்.

ஒரு வாய் குடித்தேன். "அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தேன்.

"ஆல்பத்துல நான் இல்ல. அதான?"

"ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும்த்தா. மத்த பக்கத்தையெல்லாம் வாய் ஓயாமச் சொன்னவ, அந்தப் பக்கம் வந்ததும் வெரலப் பிடிச்சு வச்சா. கை சில்லுன்னு இருந்துச்சு. புள்ள மறைக்கிறா, சரி, நாமளும் தெரியாத மாதிரியே இருந்துக்குவோம்னு வந்துட்டேன்."

"எங்க மேல கோவம் இல்லையாண்ணே?"

"கோவமில்ல. வருத்தம் இருந்துச்சு." கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை அடுக்கில் வைத்தார். "கண்ணு தெரியாதவன் நடுவுல நின்னா படம் நல்லாருக்காதுன்னு விட்டுட்டீங்களோன்னு நெனச்சேன்."

நான் பாட்டிலை வைத்துவிட்டுப் பலகைக்கு மேலே கை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லண்ணே. எங்க வீட்டுக்காரரு அன்னைக்கி எடுத்ததே ஒங்களத்தான். கழிச்சது நான். பாக்காமக் கழிச்சுட்டேன்." முறத்தைப் பற்றி, அதற்கு நான் சொல்லிவைத்த விதியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. நான் மறைக்கவில்லை.

அவர் முழுசாகக் கேட்டார். "கண்ண மூடியிருந்தா கழிச்சுருமா?" என்றார். பிறகு உதட்டில் ஒரு சிரிப்பு ஓடியது. "அப்ப மத்தியானம் எங்க ஊருக்குள்ள விட்டா ஊரையே கழிச்சுரும். சாப்புட்டு அம்புட்டுப் பேரும் தூக்கம்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, படம் கிடைத்துவிட்டதைச் சொன்னேன். புது ஆல்பம் போடப்போவதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், முகம் மலர்ந்திருந்தது. அதைக் கெடுக்கப்போகிறோமே என்று இருந்தது. ஆனாலும் கேட்டாக வேண்டும்.

"இன்னொண்ணு கேக்கணும்ணே. இப்பல்லாம் படத்துல கண்ணத் தொறந்து வைக்கலாம். ஒங்க கல்யாணப் போட்டோவுல இருந்த கண்ண எடுத்து வச்சுப் பாத்தேன். அளவாப் பொருந்தியிருக்கு. ஆல்பத்துல அதப் போடவா? ஒங்களுக்குப் பிடிச்சாத்தான். ரேவதியும் ஒங்களத்தான் கேக்கச் சொல்லுச்சு."

ஒரு பெண் வந்து ஷாம்பு பாக்கெட் கேட்டாள். அண்ணன் தொங்கிய சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அவள் போன பிறகும் சரத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"வச்சா, அந்தக் கண்ணு எங்கிட்டுப் பாக்கும்?" என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. போனை எடுத்துப் படத்தைத் திறந்தேன். அந்தக் காலத்தில் படம் எடுத்தவர் "இங்க பாருங்க" என்று சொல்லியிருப்பார். மாப்பிள்ளைத் தங்கராசு கேமராவை நேராகப் பார்த்திருக்கிறார். அந்தக் கண் இந்தப் படத்திலும் அப்படியேதான் பார்த்தது. முகம் மகள் பக்கம் சாய்ந்திருக்க, கண் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கேமராவப் பாக்குதுண்ணே."

"எம் மகளப் பாக்கலையா?"

"இல்லண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப வேணாத்தா" என்றார். "கையப் பிடிச்சுக் குடுக்குறப்ப அவ அழுதுக்கிட்டிருந்தா. சத்தமே வரல, மூச்சு மட்டுந்தான். மேளத்துல அங்க ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. நான் அவளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் சேகர் எடுத்த படத்தைத் திறந்தேன். கண் வைக்காத படம். பெரிதாக்கி, வெகு நேரம் பார்த்தேன்.

"ஆமாண்ணே" என்றேன். "அவளத்தான் பாக்குறீங்க."